தீக்காயப் போன பறை

நல்ல வித்துவான்களை ஒரே மேடையில் ஏற்றிவிட்டால் நல்ல இசை தானாக வந்துவிடும் என்று நம்பிய ஒருத்தியின் வழக்கு இது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

திருநெல்வேலிப் பக்கத்தில் இசக்கியம்மாள் என்றொரு வில்லுப்பாட்டுக்காரி. சும்மா இருக்கமாட்டாமல், கோயில் நாகசுரக்காரர் வைத்தியலிங்கத்தையும், பறை வாசிக்கும் காத்தமுத்துவையும், நாகர்கோவில் சர்ச்சில் கிட்டார் வாசிக்கும் செல்வினையும் கூட்டி ஒரு குழு அமைத்தாள். அன்றோடு அவள் நிம்மதி போயிற்று. நாகசுரத்தின் சுருதிக்குத்தான் எல்லாரும் வரவேண்டும் என்பார் வைத்தியலிங்கம். செல்வின் பாட்டுக்குப் பாட்டு கம்பியை முறுக்கியே பொழுதைப் போக்குவான். காத்தமுத்து மட்டும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஒருத்தர விட்டுட்டு மத்தவங்க வாசிக்கப்பிடாது. மீறினவங்க குழுவுல இல்ல."

ஊர்வலம் முழுக்க அடிக்கவிட்டு, கச்சேரி நேரத்தில் அவரை மண்டப வாசலோடு நிறுத்தியவர்கள் பலபேர். அதனால் நால்வரும் கையடித்துச் சத்தியம் செய்தார்கள்.

முதல் கச்சேரிக்கு வாய்த்தது ஏசி மண்டபம். கூட்டம் நிறைந்திருந்தது. இது கெட்டால் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பது இசக்கியம்மாளுக்குத் தெரியும். இரண்டு பாட்டு முடிவதற்குள் குளிரில் பறையின் தோல் தளர்ந்து தொப்தொப்பென்றது. ஏசியை நிறுத்தவும் மாட்டார்களாம், உள்ளே தீ மூட்டவும் விடமாட்டார்களாம். காத்தமுத்து மேடையை ஒட்டிய கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போய், அட்டைப்பெட்டிகளைக் கொளுத்திப் பறையைச் சூடேற்றினார்.

கூட்டம் விசிலடித்தது. இசக்கியம்மாள் சொன்ன நகைச்சுவைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போது செல்வின் நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டு வாசிக்கத் தொடங்கினான். தோல் இறுகிவிட்டதா என்று பார்க்க வெளியே காத்தமுத்து தட்டிக்கொண்டிருந்தார். சோதிக்கத் தட்டினாலும் தாளத்தில்தான் விழும் அவர் கை. செல்வினின் கால் அதோடு அசைந்தது. கூட்டம் அடங்கியது.

வைத்தியலிங்கமோ நாகசுரத்தை உறையில் போட்டுக்கொண்டு மேடையைவிட்டு இறங்கிவிட்டார். பறை திரும்பி வந்தபோது நாகசுரம் இல்லை. சத்தியப்படி யாரும் வாசிக்கவில்லை. கச்சேரி பாதியில் முடிந்தது.

"சத்தியத்த மீறினவன் செல்வின். அவன அனுப்பு இசக்கி. இல்லன்னா நான் போறேன்" என்றார் வைத்தியலிங்கம்.

"நான் யாரையும் விட்டுட்டு வாசிக்கல அண்ணாச்சி."

"ஆளு வெளியல்லா நின்னான். பொறவென்ன?"

"எந்த நேரத்துல இந்தக் குழுவ ஆரம்பிச்சேனோ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் இசக்கியம்மாள்.

சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி? குழுவைவிட்டு யார் போகவேண்டும்?

விடை: செல்வின் செய்ததே சரி. அவன் காத்தமுத்துவின் தாளத்துக்குத்தான் வாசித்தான். வெளியே கேட்டதை வாசிப்பு என்றே மதிக்காத வைத்தியலிங்கம்தான் காத்தமுத்துவை விட்டுவிட்டவர். இசக்கியம்மாளும் அப்படித்தான் சொல்லி, "நீங்கதான் போகணும் அண்ணாச்சி" என்றாள். காத்தமுத்து குறுக்கே வந்தார். "அவர அனுப்பிட்டு நாம மூணுபேரு வாசிச்சா, அதுவும் ஒருத்தர விட்டுட்டு வாசிக்கதுதானே இசக்கி?" அவள் வில்லைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே வேனில் ஊர் திரும்பினார்கள்.