பச்சைக்கு மாறின பொண்ணுங்க

நெட்டு கனெக்ட் ஆகுறதுக்குள்ள போன் லைன் கீச்சுக்கீச்சுன்னு கத்துமே, அந்தக் காலம். இப்ப நெனச்சாலும் காது இனிக்குது!

ஈரோட்டுல ஒரு கல்யாணத் தகவல் மையத்துக்கு வெப்சைட், ஆளுக்கு ஒரு பக்கம். நூத்தம்பது மாப்பிள்ளைக்கும் டிசைனர் தனசேகர் ஒவ்வொரு பக்கமா தொறந்து பேருக்குச் செவப்பு பூசினாரு. நூத்தம்பது பொண்ணுங்க டைப்பிஸ்ட் மரகதம் பொறுப்பு. அவ ஒவ்வொரு பக்கத்துலயும் எது பேரு, எது நட்சத்திரம்னு மட்டும் குறிச்சா. பேருன்னா செவப்புங்கறதைத் தனியா ஒரே ஃபைல்ல எழுதி வச்சா; எல்லாப் பக்கமும் அதைப் பாத்துத்தான் நிறம் எடுத்துக்கும்.

"எட்டாங்கிளாஸ் புத்தி!"ன்னு சிரிச்சாரு தனசேகர்.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை. காலையில பத்து மணிக்கு ஓனரம்மா ஓடி வந்தாங்க. "ஜோசியர் செவப்பு ஆகாதுங்கறாரு. பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள எல்லாப் பேரும் பச்சையாகணும்!"

தனசேகர் மரகதத்தை மொறைச்சாரு. "முடிக்காதவங்க மூட்டையைக் கட்டணும், தெரியுதா?"

"சரிங்க சார்."

அவ அந்த ஃபைல்ல ஒரே ஒரு வார்த்தையை மாத்தினா. நூத்தம்பது பொண்ணும் பச்சை. அப்புறம் நிதானமா டீ குடிச்சா.

பத்தரைக்கு தனசேகர் ஒன்பதாவது மாப்பிள்ளைகிட்ட வேர்த்துக் கொட்டிட்டு இருந்தாரு.

"என்னம்மா ஆச்சு?"ன்னாங்க ஓனரம்மா.

"பொண்ணுங்க எப்பவோ ரெடிங்கம்மா. மாப்பிள்ளைங்கதான் இன்னும் அலங்காரம் பண்ணிட்டு இருக்காங்க. சாரோட மூட்டையை நானே கட்டித் தரட்டுங்களா?"