நாரையின் மூடாத அலகும் பதினொரு பானையும்

“கள் இல்லாத திருவிழாவுக்கு நான் எதுக்கு வரணும்? அதுக்கு வீட்டிலேயே வாலைச் சுருட்டிப் படுத்துக்குவேனே!”

மரநாய் இதைச் சொல்வது அன்றைக்கு ஏழாவது தடவை. அந்தக் காலத்தில், பறப்பதும் ஊர்வதும் ஒரே மொழியில் பேசி ஒரே மொழியில் சண்டையும் போட்டுக்கொண்டிருந்தபோது, மருதங்குளத்து ஏரிக்கரையில் மாசித் திருவிழாவுக்கு முன்னால் இப்படி ஒரு கூட்டம் கூடுவது வழக்கம். எங்கே ஆட்டம், எங்கே விருந்து என்று பேசி முடிக்க அரை நாழிகை போதும். அந்த வருஷம் மட்டும் வெயில் உச்சிக்கு ஏறியும் கூட்டம் கலையவில்லை. நத்தைகுத்தி நாரை வாயைத் திறந்துவிட்டாள், அதுதான் காரணம்.

“படுத்துக்கோயேன், யார் வேண்டாம்னா? பானையை மட்டும் கட்டாமப் படு” என்றாள்.

அப்போதெல்லாம் அவள் அலகு கோடு கிழித்தாற்போல் நேராக மூடும். ஏரியில் அவ்வளவு அழகான அலகு வேறு யாருக்கும் கிடையாது. குரலும் வெண்கல மணிதான். அந்த மணி அடிக்க ஆரம்பித்தால் நிறுத்துவதற்கு ஆள் இல்லை என்பதுதான் ஏரிக்காரர்களின் ஒரே குறை.

கரையில் இருந்த பதினொரு பனைகளிலும் ஏறி, பாளையைச் சீவிப் பானை கட்டுவது மரநாயின் வேலை. அந்த வேலையில் அதை மிஞ்ச முடியாது, அதை நாரையும் ஒப்புக்கொள்வாள். ஆனால் அந்தப் பானைகளால்தான் போன வருஷத் திருவிழா அவள் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது.

திருவிழாவன்று பெண்பறவைகள் எல்லாம் ஏரியைச் சுற்றிக் கும்மியடிக்கப் போவார்கள். ஆண்கள் கூட்டுக்குக் காவல் இருப்பார்கள். வருஷம் பூராவும் மீன் பிடித்து, நத்தை உடைத்து, குஞ்சின் வாயில் திணித்துத் திணித்தே காலம் போகிறவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் சொந்த நாள். போன வருஷம் காவலிருந்த ஆண்கள் “ஒரே ஒரு வாய்” என்று மரத்தைவிட்டு இறங்கினார்கள். ஒரு வாய் என்று இறங்கியவர் யார் ஒரு வாயோடு திரும்பினார்? கும்மி முடிந்து நாரை வந்து பார்த்தபோது கூட்டில் வெறும் குச்சிகள் கிடந்தன. இரண்டு குஞ்சுகளையும் பருந்து கொண்டுபோயிருந்தது. ஒற்றைக்காலில் நாள் முழுக்க நிற்கிற அவள் வீட்டுக்காரர், இரண்டு காலையும் பரப்பிக்கொண்டு பனையடியில் விழுந்து கிடந்தார்.

இந்த வருஷம் கூட்டில் மூன்று குஞ்சுகள் இருந்தன.

“என்னை எதுக்குக் கோவிச்சுக்கறே நாரையம்மா?” என்றது மரநாய். “நானா காய்ச்சினேன்? பாளையிலேர்ந்து சொட்டறப்போ தேனாட்டம்தான் இருக்கு. பானையிலே கிடந்து தானாப் புளிக்குது. வேணும்னா வெயிலைப் போய்க் கேளு.”

தலைவர் கூழைக்கடா தொண்டையைச் செருமினார். அவருடைய தொண்டைப் பையில் எல்லோருடைய நியாயத்துக்கும் இடம் உண்டு. “ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்யுது. அவ்வளவு பயமா இருந்தா, இந்த வருஷம் நீ கும்மிக்கு வராம கூட்டிலேயே இருந்துடேன் அம்மா.”

“நல்லா இருக்கே! குடிக்கிறவர் வெளியே, குடிக்காதவள் உள்ளேயா?”

நீர்க்காகத்து வீட்டம்மாவும் கொக்கு வீட்டம்மாவும் தலையாட்டினார்கள். வாயைத் திறந்து பேசத்தான் இல்லை. அவர்கள் வீட்டுக்காரர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

“சரி, முடிவாச் சொல்றேன். பானை இருக்கட்டும். அவங்கவங்க அளவோட எடுத்துக்கட்டும்” என்றார் கூழைக்கடா.

“அளவா!” நாரை எழுந்தே விட்டாள். “அப்படியே பருந்துக்கும் ஆள் அனுப்பிடுங்க பெரியவரே. அளவோட எடுத்துக்கச் சொல்லி.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். பானை இருக்கட்டும் என்ற முடிவு மட்டும் அப்படியே இருந்தது.

கோபம் வந்தால் நாரைக்கு நத்தை உடைக்க வேண்டும். அன்று வயிறு கொள்ளாத அளவுக்கு உடைத்தாள். முதல் பனையின் அடியில்தான் அவள் ஓடு எறிகிற இடம். வருஷக்கணக்காக எறிந்து எறிந்து அங்கே ஒரு குவியலே இருந்தது. முந்தின வாரம் கரையில் காய்ந்த புல் பற்றி எரிந்தபோது குவியலும் சேர்ந்து வெந்து, வெள்ளை வெளேரென்று கட்டிகட்டியாய்க் கிடந்தது. அவள் ஆத்திரத்தில் அதையும் ஓர் உதை விட்டாள். வெள்ளைத் தூள் பறந்து, மரநாய் அன்று காலையில் இறக்கி அங்கேயே வைத்துவிட்டுப் போயிருந்த பானைக்குள் விழுந்தது.

சாயங்காலம் அந்தப் பக்கமாக வந்தவள் நின்றாள். மற்ற பானைகள் எல்லாம் நுரை தள்ளி, தூரத்திலிருந்தே புளித்து நாறின. இந்தப் பானையில் நுரையே இல்லை. அலகை நுனியளவு விட்டுப் பார்த்தாள். காலையில் இறக்கியபோது இருந்த அதே தித்திப்பு.

வேறு யாராயிருந்தாலும் அதிசயம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவள் மறுநாள் ஒரு பானையில் தூள் போட்டு, ஒரு பானையில் போடாமல், இரண்டையும் வெயிலில் வைத்துவிட்டு நாள் முழுக்கக் காவல் இருந்தாள். தூள் போட்டது தித்தித்தது, போடாதது புளித்தது. அவளுக்கு அது போதும். கூழைக்கடாவிடம் போய்ச் சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவார் என்பதால், அவரிடம் போகவில்லை.

திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம், மரநாய் பதினொரு பானைகளையும் கட்டிவிட்டு இறங்கிப் போயிற்று. நாரை குவியலைக் கிளறினாள். அன்றைக்கு அவள் உதைத்ததில் கட்டிகளெல்லாம் தூளாகியிருந்தன, தூளைக் காற்று கொண்டுபோயிருந்தது. ஒரே ஒரு பெரிய கட்டி இருந்தது. அதை அலகின் நடுவில் வைத்து, நுனியை அழுத்தி மூடிக்கொண்டு பறந்தாள்.

முதல் பானை. உள்ளே தலையை விட்டுச் சுற்றித் தேய்த்தாள். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது பானையில் பாளைச் சொட்டு கட்டியின் மேல் விழுந்தது. வெந்த ஓட்டில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கட்டி கொதிக்க ஆரம்பித்தது.

ஐந்தாவது பானையில் கொதித்த நீர் தொண்டைக்குள் இறங்கிச் சுட்டது, கண்ணில் நீர் வந்தது. ஏழாவதில் அலகின் நடுப்பகுதி வெந்து உதிர்வது அவளுக்கே தெரிந்தது. கீழே ஏரி நிறையத் தண்ணீர். வாயைத் திறந்து துப்பிவிட்டு ஒரு முழுக்குப் போடலாம். ஆனால் கட்டி தண்ணீரில் விழுந்தால் கரைந்து போகும். இன்னும் நாலு பானை பாக்கி. அதில் ஒன்று பத்தாவது பனையில் இருந்தது. அவள் கூட்டுக்கு மிகப் பக்கத்து மரம் அது. போன வருஷம் வீட்டுக்காரர் விழுந்து கிடந்த மரமும் அதுதான்.

பேசாமல் ஒரு நாழிகை இருந்தறியாதவள், அன்று வாயைத் திறக்காமல் பதினொன்றையும் முடித்தாள். அதன் பிறகுதான் ஏரியில் இறங்கினாள்.

மறுநாள் திருவிழா. பெண்பறவைகள் கும்மிக்குப் போனார்கள். நாரையும் போனாள். அன்றைக்கு அவள் பாட்டைக் காணோமே என்று யாரும் கேட்கவில்லை. வாய் ஓய்ந்ததே என்று நினைத்திருப்பார்கள்.

உச்சி வெயிலில் அவள் வீட்டுக்காரர் நாலு பக்கமும் பார்த்தார். “ஒரே ஒரு வாய்” என்று குஞ்சுகளிடமே சொல்லிவிட்டு இறங்கினார். பத்தாவது பனையடியில் நீர்க்காகமும் கொக்கும் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். மரநாய் நாலாவது குடுவையோடு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது.

“என்னய்யா இது, தலையே சுத்தலை?”

“நானும் மூணு குடிச்சேன்” என்றார் கொக்கு. “வயிறுதான் ரொம்புது.”

நாரை வீட்டுக்காரர் வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். தித்தித்தது. இன்னொரு மடக்கு. அதுவும் தித்தித்தது. “சே, பாயசத்துக்கா இவ்வளவு தூரம் இறங்கினேன்!” என்று அலுத்துக்கொண்டு கூட்டுக்குத் திரும்பிப் பறந்தார்.

மேலே பருந்து சிறகை மடக்கிக் கீழே பாய்ந்தது அதே நேரத்தில்தான். வீட்டுக்காரருக்குக் கண் தெளிவாக இருந்தது. கால் நிலையாக இருந்தது. குறுக்கே பாய்ந்து நெஞ்சில் ஒரு குத்து விட்டார். பருந்து இறகு உதிர ஓடியது. நீர்க்காகமும் கொக்கும் அவரவர் கூட்டுக்கு விழுந்தடித்துக்கொண்டு பறந்தார்கள். அந்த வருஷம் ஏரியில் ஒரு குஞ்சுகூடக் குறையவில்லை.

கும்மி முடிந்து நாரை வந்தாள். மூன்றையும் அலகால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். அலகின் நுனி மூடியிருந்தது, நடுவில் வெளிச்சம் தெரிந்தது. பானைகளின் உட்புறம் வெள்ளையாக இருந்ததை மரநாய் அப்போது நினைத்துப் பார்த்தது.

“பதினொண்ணுமா? நான் ஏறி இறங்கவே நாக்குத் தள்ளும், தாயே” என்றது. பிறகு குரலைத் தாழ்த்தி, “திருவிழாப் பானைக்கெல்லாம் இனிமே நானே பூசிடறேன். எனக்கு மட்டும் ஒரு மரம் விட்டுடு. ஊர் கூடுற நாள்லே இல்லை, நான் தனியா இருக்கற நாள்லே” என்றது.

நாரை தலையசைத்தாள். வீட்டுக்காரர் பனையோலைப் பட்டையில் கொஞ்சம் தித்திப்பு நீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவளிடம் திட்டு வாங்கக் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். அவள் வாயைத் திறந்தாள். வெண்கல மணி அடிக்கவில்லை. ‘டக், டக்’ என்று இரண்டு அலகும் மோதிக்கொண்டன. அவள் திட்டமாட்டாளா என்று அவர் ஏங்கியது அதுதான் முதல் தடவை.

அன்றைக்குப் பிடித்த வழக்கம்தான், பதநீர் இறக்குகிறவர் பானைக்குள் சுண்ணாம்பு பூசுவதும், மரநாய் யார் கண்ணிலும் படாமல் தனியாகப் பனையேறுவதும், நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் நிற்பதும். மாசி மாதத்தில் ஏரிப்பக்கம் போனால் அவள் குரல் இன்றைக்கும் கேட்கும். டக், டக், டக். ‘நாளைக்குத் திருவிழா. பானைக்கெல்லாம் பூசியாச்சா? யாராவது ஒருத்தர் பார்த்துட்டு வந்து சொல்லுங்களேன்...’