பன்னிரண்டு அணுக்களும் ஒரு மேற்பார்வையாளரும்

"ஒண்ணுகூட ஒத்துழைக்க மாட்டேங்குது மேடம்," என்றார் இருதயராஜ்.

அவருக்கு வயது நாற்பத்தேழு. கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுப்பவர். மூன்று வருட விடுப்பில் முனைவர் பட்டத்துக்கு வந்தவர். விடுப்பு திங்கட்கிழமையோடு முடிகிறது. அதற்குள் சோதனை பலிக்காவிட்டால் வெறுங்கையோடுதான் ஊர் திரும்ப வேண்டும்.

வழிகாட்டி மங்கையர்க்கரசி அவரைவிடப் பத்து வயது இளையவர். மாணவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

"எத்தனை அணு சார்?"

"பன்னிரண்டு மேடம். ஒவ்வொண்ணையும் ஒரு லேசர் கதிர்ல பிடிச்சு, ரெண்டு குட்டிக் கண்ணாடிக்கு நடுவுல வரிசையா நிறுத்தியிருக்கேன். ஒரே நேரத்துல தூண்டறேன். எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில பளிச்சுன்னு ஒளி விடணும். ஆனா தனித்தனியா மினுக்கிட்டு ஓஞ்சுடுது."

கேமராத் திரையில் பன்னிரண்டு புள்ளிகள் துல்லியமாகத் தெரிந்தன.

"தூண்டும்போதும் இப்படித் தெரியுதா?"

"தெரியாம? கேமரா விளக்கை நான் அணைக்கறதே இல்லை. லேசா எரிய விட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"ஒண்ணு நழுவினா தெரிய வேணாமா? எது ஒளி விட்டுச்சு, எது சும்மா நின்னுச்சுன்னு எல்லாம் குறிச்சு வச்சிருக்கேன் மேடம்."

சொல்லும்போது குரலில் பெருமை வழிந்தது. பரீட்சை அறைக்கு அவர் மேற்பார்வைக்கு வந்தால் பிள்ளைகள் தலையைச் சொறியக்கூடப் பயப்படுவார்கள். இருபது வருடப் பழக்கம், லேசில் விடுமா?

மங்கையர்க்கரசி கேமரா விளக்கை அணைத்தார். புள்ளிகள் மறைந்தன.

இருதயராஜ் இருண்ட திரையைத் தட்டினார். "உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாதே மேடம்!"

"எது ஒளி விட்டுச்சுன்னு யாருக்கும் தெரியாத வரைக்கும்தான் அதுங்க ஒண்ணா சேரும். தூண்டுங்க சார்."

விசையை அழுத்தினார். அரைமணி நேரம் திரும்பத் திரும்ப அழுத்தினார்.

ஒளியை அளக்கும் கருவியில் இத்தனை மாதமும் தரையோடு தவழ்ந்த கோடு, விருட்டென்று உச்சிக்கு எழும்பி, எழும்பிய வேகத்தில் இறங்கியது.

பன்னிரண்டும் சேர்ந்துவிட்டன.

இருதயராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியை மாட்டியதும் முதலில் கேட்டது இதைத்தான்:

"மேடம், இந்தப் பன்னிரண்டுல முதல்ல ஆரம்பிச்சது எது?"

மங்கையர்க்கரசியின் விரல் கேமரா விளக்கின் பொத்தானுக்குப் போனது.

"பாத்துடலாமா சார்?"

இருதயராஜ் பதறிப்போய்ப் பொத்தானை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.