மங்களம் பாடாத கூத்து

முன்னொரு காலத்தில், எந்த வணிகனின் வரைபடத்திலும் அகப்படாத ஒரு நாட்டில், மாறவேள் என்ற மன்னன் ஆண்டுவந்தான். அவனுக்கு மாதம் ஓர் ஆசை வரும். ஒரு மாதம் பேசும் கிளிகள் வேண்டும் என்றான். அரண்மனை முழுக்கக் கூச்சல். அடுத்த மாதம் நிலைக்கண்ணாடிகள். போகிற இடமெல்லாம் தன் முகமே எதிரே வர, தானே பயந்து நிறுத்தினான். பிறகு கூத்து ஆசை பிடித்தது. தூர தேசங்களில் முகமூடி போட்டும் தோல்பாவை ஆட்டியும் நாடகம் நடத்துகிறார்கள் என்று கடலோடிகள் சொன்னதிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை.

"உலகத்தில் முதலில் நடந்த கூத்து எது? அதற்கு அடுத்தது எது? எல்லாவற்றையும் நான் பார்க்க வேண்டும்!"

தொடக்கமாகச் சொந்த நாட்டுக் கூத்தைப் பார்க்கலாம் என்று தாண்டவனின் குழுவை அழைத்தார்கள். தாண்டவன் ராஜ வேஷக்காரன். அன்றைய கூத்தில் ஒரு பெண் தன் வழக்கைச் சொல்லி அழுகிறாள்; மேடை ராஜாவோ ஓர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இருக்கிறான். சபை வெடித்துச் சிரித்தது. மாறவேளும் சிரித்தான். வழக்கு கேட்கும்போது எலுமிச்சை முகர்வது தன்னுடைய பழக்கம் என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

அவைப்புலவர் வித்தகராயருக்கு உறைத்தது. அவர் எழுதிய நாடகம் ஒன்றை, "ரொம்ப நீளங்க, சனங்க எழுந்து போயிடும்" என்று தாண்டவன் ஆட மறுத்திருந்தான். புலவர் அதை மறக்கவில்லை. மன்னன் காதருகே குனிந்தார்.

"மன்னா, இவர்கள் சிரிப்பது மேடையில் இருப்பவனைப் பார்த்தா, அரியணையில் இருப்பவரைப் பார்த்தா?"

மன்னனின் சிரிப்பு பாதியில் நின்றது. கூத்தும் பாதியில் நின்றது. வேஷம் கலைப்பதற்குள் தாண்டவனுக்குத் தீர்ப்பு வந்துவிட்டது: சிரச்சேதம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மரண தண்டனை பெற்றவன் தன் தொழிலை ஒருமுறை செய்து முடித்த பிறகே வாள் இறங்கும். குயவன் ஒரு பானை வனைவான். நெசவாளி ஒரு முழம் நெய்வான். அதுவரை எமனே வந்தாலும் வாசலில் நிற்கவேண்டும் என்பார்கள். அரசவை விகடனான ஆதன் எழுந்து அந்த வழக்கத்தை நினைவூட்டினான்.

"கூத்தன் ஒரு கூத்து ஆடி முடிக்க வேண்டும், மன்னா. மங்களம் பாடினால்தான் கூத்து முடிந்ததாகக் கணக்கு. எந்தக் கூத்து என்று தாங்களே சொல்லுங்கள்."

கோபத்திலும் மன்னனுக்கு ஆசை போகவில்லை. "நான் கேட்டது இன்னும் கிடைக்கவில்லையே. உலகத்தின் முதல் கூத்திலிருந்து எல்லாக் கூத்தும். அதையே ஆடட்டும்."

வித்தகராயர் சட்டென்று எழுந்தார். "முதல் கூத்திலிருந்து இன்றைய கூத்து வரை, ஒன்று விடாமல் என்று ஆணையில் சேர்க்கவேண்டும், மன்னா! ஒன்று விடுபட்டாலும் குழுவிலுள்ள பதினொருவர் தலையும் போகவேண்டும். விடுபட்டதா என்பதை அடியேன் பார்த்துச் சொல்கிறேன்."

"அப்படியே ஆகட்டும். ஐந்தாம் நாள் காலை ஆடட்டும்" என்று மன்னன் முத்திரை வைத்தான்.

ஆதன் சிறைக்குப் போனபோது தாண்டவனின் மனைவி அஞ்சலை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஒருத்தர் தலையைக் காப்பாத்தப் போய் பதினோரு தலைக்கு உலை வச்சுட்டு வந்திருக்கியே, அண்ணா! நீயெல்லாம் ஒரு விகடன்!"

"நாலு நாள் இருக்கு, தங்கச்சி."

"நாலு நாள்ல உலகத்துக் கூத்தையெல்லாம் இவரு எங்கே போய்க் கத்துக்குவாரு? நல்லா ஆடி முடிச்சா இவரு சாவாரு. விட்டுட்டு ஆடினா என் தம்பி, இவரு அண்ணன் மகன், எல்லாரும் சாவாங்க. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

ஆதன் சிரிக்கவில்லை. கம்பியருகே உட்கார்ந்தான்.

"தாண்டவா, கடலோடிங்க சொன்ன கதையெல்லாம் நான் கேட்டு வச்சிருக்கேன். உனக்குச் சொல்லித்தர்றேன். அன்னைக்குக் கூத்தை நடத்திட்டுப் போற கட்டியங்காரன் நான்தான். ஒண்ணே ஒண்ணு மட்டும். நான் சொல்லாம மங்களம் பாடாதே. தொண்டை வரைக்கும் வந்தாலும் விழுங்கிடு."

"விழுங்கிடறேன்" என்றான் தாண்டவன். "கழுத்து இருக்கிற வரைக்கும்."

ஐந்தாம் நாள் காலை, அரண்மனை முற்றத்தில் இருவர் திரை பிடித்து நின்றார்கள். ஒருபுறம் மத்தளமும் முகவீணையும். மறுபுறம் உருவிய வாளோடு கொலைஞன். வித்தகராயர் ஓலைக்கட்டும் எழுத்தாணியுமாய் முன்வரிசையில் அமர்ந்தார்.

திரை விலகியது. தாண்டவன் ஒரு வேடனாய் வந்தான். இருவர் காட்டுக்குப் போய் ஒருவன் மட்டும் திரும்பியிருக்கிறான். என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். சொல்வதற்கு அவனிடம் வார்த்தை இல்லை. மெல்லக் குனிந்தான். முதுகு வளைந்தது. கண் மாறியது. முற்றத்தில் ஒரு புலி நின்றது. காவலர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். பிறகு அதே உடல் புலியின் வாயில் துடிக்கும் தோழனாயிற்று. அதுதான் முதல் கூத்து.

காலம் நகர்ந்தது. மலைச்சரிவில் ஆயிரம்பேர் அமர்ந்திருக்க, முகமூடியின் பெரிய வாய்க்குள்ளிருந்து ஒரு ராணி புலம்பினாள். முருகன் இறங்கிய வேலன் மணல்பரப்பில் வெறியாடினான். விளக்குக்கும் துணிக்கும் நடுவே தோல்பாவைகள் போரிட்டன. வண்டி மேல் மேடை கட்டித் தெருத்தெருவாய் இழுத்துப் போனார்கள். ஒரு தீவில், வெள்ளை பூசிய முகம் ஓர் அங்குலம் திரும்பியதற்கே ஊர் அழுதது. கூரையில்லாத மர அரங்கில் மழையில் நனைந்தபடி ஜனங்கள் நின்று பார்த்தார்கள். சில தேசங்களில் மேடையை எரித்தார்கள். மறுநாளே யாரோ ஒருவன் சந்தைநடுவே துண்டை விரித்து அதன்மேல் நின்று வசனம் பேசினான்.

ஒவ்வொரு காலம் முடியும்போதும் அஞ்சலை கொலைஞனைப் பார்த்தாள். வித்தகராயர் ஓலையில் ஒரு கோடு கிழித்தார். விடுபட்டதாகச் சொல்ல அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கடைசியில் ஐந்து நாளுக்கு முந்தைய கூத்து. விட்டால் பதினொரு தலை. ஆடினால் மன்னனின் கோபம். தாண்டவன் கிரீடம் கட்டி, எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்தான். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அழுத பெண்ணின் குரல் மட்டும் முற்றம் முழுக்கக் கேட்டது. பாதியில் நின்ற இடத்தில் கூத்து நின்றது. தாண்டவன் ஆதனைப் பார்த்தான். கொலைஞன் வாளை மறுகைக்கு மாற்றினான்.

ஆதன் புலவர் முன்னால் வந்து வணங்கினான்.

"புலவர் பெருமானே, இனி மங்களம்தான். பாடிவிட்டால் பாடியதுதான். ஏதும் விடுபட்டதா? பிறகு யாராவது கண்டுபிடித்தால் தங்கள் புலமைக்கல்லவா இழுக்கு!"

வித்தகராயர் ஓலையைப் பார்த்தார். ஆணையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"விட்டுவிட்டான்!" என்று துள்ளி எழுந்தார். மேலாடை நழுவி விழுந்தது. "மன்னா, விட்டுவிட்டான்! 'இன்றைய கூத்து வரை' என்பதுதான் ஆணை. இவன் ஐந்து நாளுக்கு முன்னால் நிறுத்திவிட்டான். காலையிலிருந்து இங்கே ஆடினானே, இது கூத்தில்லையா? இதைக் காட்டவில்லையே! பதினொரு தலை!"

அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"புலவர் சொல்வது சரியா, மன்னா?" என்றான் ஆதன்.

மன்னன் யோசித்தான். "சரிதான். இன்று நடந்ததும் கூத்துதான்."

"விடுபட்டது உண்மை. ஆனால் மங்களம் பாடவில்லையே. கூத்து முடியாதபோது, விடுபட்டதைச் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும்."

"சேர்த்துக்கொள்."

"தாண்டவா, இன்றைய கூத்து!"

மத்தளம் அதிர்ந்தது. திரை விலகியது. வேடன் வந்தான். குனிந்தான். புலியானான்.

மறுபடி முகமூடி ராணி, மறுபடி தோல்பாவை, மறுபடி மழை. வெயில் உச்சிக்கு ஏறி மேற்கே சாய்ந்தது. மறுபடி அந்தப் பெண் அழுதாள். மன்னன் தன்னையறியாமல் முன்னே சாய்ந்து அவள் வழக்கைக் கேட்டான். கூத்து அங்கே நிற்கவில்லை. இன்றைய கூத்தில் அதற்குப் பிறகும் நடந்திருக்கிறதே! ஆதன் ஒரு மேலாடையைப் போர்த்திக்கொண்டு துள்ளி எழுந்தான். மேலாடை நழுவியது.

"விட்டுவிட்டான்! மன்னா, விட்டுவிட்டான்! இன்றைய கூத்தைக் காட்டவில்லையே! பதினொரு தலை!"

அதே குரல், அதே துள்ளல். சபையில் யாரோ களுக்கென்றார்கள். உடனே மத்தளம் அதிர்ந்தது. திரை விலகியது. வேடன் வந்தான். குனிந்தான்.

"நிறுத்துங்கள்!" என்று அலறினார் வித்தகராயர். "இன்றைய கூத்துக்குள் இன்றைய கூத்து, அதற்குள் மறுபடி இன்றைய கூத்து! இது ஏழு பிறவிக்கும் முடியாது, மன்னா! எதுவும் விடுபடவில்லை என்று நானே சொல்லிவிடுகிறேன். மங்களம் பாடச் சொல்லுங்கள்!"

மத்தளம் நின்றது. புலியாய் வளைந்த தாண்டவன் அப்படியே நின்றான்.

"விடுபடவில்லை என்றால்," என்றான் ஆதன் நிதானமாக, "சற்று முன் பதினொருவரைக் கொல்லச் சொன்னது பொய்ச் சாட்சி. விடுபட்டது என்றால் ஆட்டம் தொடரவேண்டும். புலவர் ஏதாவது ஒன்றைச் சொல்லட்டும். நாங்கள் காத்திருக்கிறோம்."

மன்னன் புலவரைப் பார்த்தான். புலவர் கொலைஞனைப் பார்த்தார். மேலாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு அரியணையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தார்கள். மாறவேள் சிரித்துக்கொண்டிருந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"ஆதா, இந்தா!" என்று கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவன்மேல் போட்டான். "தாண்டவன் பிழைத்தான். ஆணை கேளுங்கள்: இந்தக் கூத்துக்கு ஒருக்காலும் யாரும் மங்களம் பாடக்கூடாது. ஆண்டுக்கொரு முறை இதே முற்றத்தில் தொடரவேண்டும். வித்தகராயர் முன்வரிசையில் அமர்ந்து ஒன்றும் விடுபடாமல் பார்த்துக்கொள்வார், ஆயுள் முழுதும்."

கொலைஞன் வாளை உறையில் போட்டான். அஞ்சலை ஓடிவந்து கணவனின் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

தாண்டவன் மூச்சு வாங்கினான். "மகாராசா, வேஷம் கட்டினவன் மங்களம் பாடாம அரிதாரம் கலைக்கக் கூடாதுங்க. மூஞ்சி எரியுது. என்ன செய்யறது?"

மன்னனுக்கு மறுபடி சிரிப்பு பீறிட்டது. "கழுவிக்கொள். ஆனால் கூத்து முடிந்துவிட்டது என்று யாரிடமும் சொல்லிவிடாதே!"