பலகையில் இருந்த முப்பத்தொரு பேர்

ஆற்று வளைவில் மிருகங்களும் பறவைகளும் சேர்ந்து கட்டிய நகரம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடம், அதை ஒட்டி ஒரு நூலகம். நூலகத்துக்கு அதிகாரி ஒரு முள்ளம்பன்றி. ஈட்டியப்பர் என்று பெயர். யாராவது உரக்கத் தும்மினால் போதும், அவர் முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்து நிற்கும்!

அது எப்பேர்ப்பட்ட நூலகம் தெரியுமா? தேக்கிலையைப் பக்குவமாகக் காயவைத்து, நாரால் தைத்த நானூறு புத்தகங்கள். சாயங்காலம் மரங்கொத்தி மூன்று தட்டுத் தட்டினால் பள்ளிக்கூடம் விட்டது என்று அர்த்தம். அடுத்த நிமிஷம் முயல், கீரி, தவளை என்று குட்டிகள் எல்லாம் திமுதிமுவென்று நூலகத்துக்குள் நுழையும். "சத்தம் போடாதீங்க!" என்று ஈட்டியப்பர் அதட்டுவார். குட்டிகள் கொஞ்ச நேரம் அடங்கும், மறுபடி ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்துக்காகப் பின்னால் ஏங்கப் போகிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது. அப்போது அது வெறும் தலைவலி.

அதைவிடப் பெரிய தலைவலி, வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராதவர்கள். அவர்களுக்கென்றே வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தார். யார், என்ன புத்தகம், எந்த மாதம் வாங்கினார் என்று எல்லா விவரமும் அதில் இருக்கும். யாரும் அழித்துவிடக் கூடாது என்று தன் முள்ளாலேயே ஆழமாகக் கீறியிருந்தார். மொத்தம் முப்பத்தொரு பேர். முதல் பெயர் அணில் செவந்தி. அரிச்சுவடியை வாங்கிப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"செவந்தி, புத்தகம் எங்கே?"

"பிள்ளைங்க படிச்சுக்கிட்டே இருக்குதுங்க ஐயா. நாளைக்குக் கொண்டாறேன்."

அந்த நாளை மட்டும் வரவே வராது.

அந்த வருஷம் ஐப்பசியில் மலைப்பக்கம் பேய்மழை. நீர்நாய் மாரி மூச்சிரைக்க ஓடி வந்தான். ஆற்றிலேயே கிடப்பவன், தண்ணீரின் குணம் அறிந்தவன்.

"ஐயா, ஆறு செங்காவியா வருது. உச்சிப்பொழுதுக்குள்ள இங்க புகுந்துடும். புத்தகத்தையெல்லாம் மரத்து மேல ஏத்தணும்."

பள்ளிக்கூடத்து மைனா டீச்சர் பறந்து போய் ஊரையே கூட்டி வந்துவிட்டாள். மரம் ஏறத் தெரிந்தவர்கள், பறக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஆளுக்குப் பத்துப் புத்தகம் எடுத்தால் ஒரு நாழிகையில் வேலை முடிந்துவிடும்.

ஈட்டியப்பர் வாசலை மறித்து நின்றார். "பேர் எழுதாம ஒரு புத்தகமும் வெளியே போகாது. வரிசையில வாங்க."

வரிசையில் முதலில் நின்றவள் செவந்தி.

"உன் பேர்தான் பலகையில இருக்கே. பழசைக் கொண்டா, அப்புறம் புதுசைத் தொடு."

"ஐயா, நான் படிக்கவா கேக்குறேன்? காப்பாத்தக் கேக்குறேன்."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். தள்ளி நில்லு."

அடுத்தது குரங்கு கொம்பன். அவன் பெயரும் பலகையில் இருந்தது. அதற்கடுத்தது ஆந்தை. அதன் பெயரும் இருந்தது. ஊரில் ஆசையாகப் படிக்கிறவர்கள் அத்தனை பேரும் அந்தப் பலகையில்தான் இருந்தார்கள்! கடைசியில் ஒரு காக்கை வந்தது. அது ஜென்மத்தில் ஒரு புத்தகம் எடுத்ததில்லை. ஈட்டியப்பர் திருப்தியாக ஏட்டைத் திறந்து அதன் பெயரை எழுத ஆரம்பித்தார்.

பாதி எழுதும்போது காலில் ஈரம் பட்டது. முழுப் பெயரையும் எழுத ஆறு அவரை விடவில்லை. முள் குத்துவதையும் பாராமல் மாரிதான் அவரை இழுத்துக்கொண்டு போய் மேட்டில் போட்டான்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. நூலகம் முழுக்கச் சேறு. புத்தகங்கள் இருந்த இடத்தில் தேக்கிலைக் கூழ் கிடந்தது. பள்ளிக்கூடத்துக் கூரை ஓரத்தில் மைனா டீச்சர் உட்கார்ந்திருந்தாள்.

"புத்தகம் இல்லாம நான் எதை வச்சுப் பாடம் நடத்த? பள்ளிக்கூடம் திறக்கலைன்னா குட்டிகளைக் கூட்டிக்கிட்டு மலைக்கே போயிடுவோம்னு மானெல்லாம் சொல்லுது. அதுங்க போனா மத்ததும் போகும். அப்புறம் ஊர் ஏது ஐயா?"

சாயங்காலம் மரங்கொத்தி பழக்கதோஷத்தில் மூன்று தட்டுத் தட்டியது. ஒரு குட்டியும் வரவில்லை. ஈட்டியப்பர் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார்.

அழுது முடித்து எழுந்தபோது காலில் என்னவோ இடறியது. புரட்டிப் பார்த்தார். வாசல் பலகை! சேற்றை வழித்துவிட்டார். ஆழமாகக் கீறிய எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. முப்பத்தொரு பெயர். முப்பத்தொரு புத்தகம். அத்தனையும் மரத்து மேலே, ஈரம் படாத வீடுகளில்!

பலகையைத் தூக்கிக்கொண்டு நேராகச் செவந்தியின் மரத்தடிக்குப் போனார். அவரைக் கண்டதும் செவந்தி பொந்துக்குள் பதுங்கினாள்.

"தப்புதான் ஐயா. நாளைக்கு..."

"திட்ட வரலைம்மா. தள்ளி நில்லுன்னு உன்னைச் சொன்ன வாயாலேயே கெஞ்ச வந்திருக்கேன். அது பத்திரமா இருக்கா?"

செவந்தி அரிச்சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஓரமெல்லாம் பிள்ளைகள் கொறித்த தடம். நடுவில் நாவற்பழக் கறை. ஆனால் எல்லா எழுத்தும் இருந்தது. ஈட்டியப்பர் அதை மூக்கருகே வைத்தார். காய்ந்த தேக்கிலை வாசனை. பழைய சாயங்காலங்கள் எல்லாம் திரும்பி வந்தது போல இருந்தது அவருக்கு.

மறுநாள் இருட்டுவதற்குள் முப்பத்தொன்றும் வந்து சேர்ந்தன. கொம்பன் கணக்குப் புத்தகத்தோடு வந்தான், ஆந்தை மூலிகைப் புத்தகத்தோடு வந்தது. அவற்றைப் பார்த்து ஊரே உட்கார்ந்து படியெடுத்தது. தை பிறந்ததும் பள்ளிக்கூடம் திறந்தது. மான்கள் மலைக்குப் போகவில்லை.

மரங்கொத்தி தட்டியதும் குட்டிகள் திமுதிமுவென்று உள்ளே வந்தன. ஈட்டியப்பர் அதட்ட வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டார். 'நாரைகள் வந்த வழி', 'மூங்கில் பூத்த வருஷம்' என்று, போன புத்தகங்களின் பெயர்களை அவர் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்ப்பார். அவை திரும்பி வரவே இல்லை.

ஆனால் பலகை திரும்ப வாசலுக்கு வந்தது, புதுச் சட்டத்தோடு. ஐப்பசி பிறப்பதற்குள் ஒவ்வொரு புத்தகமும் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மழைக்காலத்தில் அலமாரியில் ஒன்று மிஞ்சினாலும் பலகையில் ஏறும் பெயர், ஈட்டியப்பர்.

பூட்டிக் காக்கும் அறிவு ஒரு வெள்ளத்துக்குத் தாங்காது. பலர் கையில் கொடுத்த அறிவே ஊரைக் காக்கும்.