எடுக்காதீங்கப்பா

துறையூரில் உரக்கடை வைத்திருந்த தங்கராசுவின் மனைவி வாசுகி. அவர்களுடைய மகள் நறுமுகைக்கு ஆறு வயதில் முன்பல் விழுந்தது. அவள் அழுததைக் கைபேசியில் வீடியோ எடுத்து, மகள் பெயரிலேயே ஒரு சேனல் தொடங்கி அதில் ஏற்றினாள் வாசுகி. ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். அன்று முதல் வீடியோ ஏறாமல் அந்த வீட்டில் ஒரு வாரமும் கழிந்ததில்லை. கைபேசியில் இடம் போதாததால், ஏற்றி முடித்ததும் அதிலிருந்து அழித்துவிடுவாள்.

பன்னிரண்டு வயதில் நறுமுகை பெரியவளானாள். சடங்கு வீட்டில் வயிற்று வலியோடு மணையில் சுருண்டு உட்கார்ந்திருந்த மகளை, வாசுகி சொன்னபடி தங்கராசு படம் பிடித்தார்.

"எடுக்காதீங்கப்பா... எடுக்காதீங்கப்பா..." என்று அவள் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்போது அவளுடைய இரண்டு வயதுத் தம்பி இளவேல் தள்ளாடி வந்து, அவள் தாவணி முனையால் அவள் கண்ணைத் துடைத்து, "அக்கா அழாத" என்றான். சேனலில் அதிகம் பேர் பார்த்தது அந்த வீடியோவைத்தான்.

பதினான்கு வயதில் நறுமுகை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து சண்டை போட்டாள். வாசுகி இறங்கி வந்தாள். "உனக்குப் பதினெட்டு முடியற அன்னிக்கு எல்லாத்தையும் எடுத்துடறேன். சமயபுரத்தாள் மேல சத்தியம்" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டே ஆண்டில், ஆறு வயது இளவேல் மூன்று நாள் காய்ச்சலில் இறந்துபோனான். அவன் நடந்ததும் பேசியதும் சிரித்ததும் அந்தச் சேனலில் மட்டுமே மிஞ்சின. முகம் தெரியாதவர்கள் அவன் வீடியோக்களின் கீழே ஆறுதல் எழுதினார்கள். காலையில் எழுந்ததும் வாசுகி அவற்றைப் படித்து, ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிய பிறகுதான் பல் துலக்கப் போவாள்.

நறுமுகை கோவையில் கல்லூரி சேர்ந்த முதல் வாரமே வகுப்பில் யாரோ அந்தச் சடங்கு வீடியோவைக் கண்டுபிடித்தார்கள். அவள் உள்ளே நுழைந்தால் பின்வரிசையிலிருந்து "எடுக்காதீங்கப்பா" என்று மெல்லிய குரல் வரும். தன்னோடு ஒரு வார்த்தை பேசியிராதவர்களுக்குக்கூடத் தன் அழுகை தெரிந்திருந்தது என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

பதினெட்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஊருக்கு வந்தாள்.

"சத்தியம் பண்ணினியேம்மா."

"அப்ப என் பிள்ளை உயிரோட இருந்தான்டி."

"நானும் உன் பிள்ளைதானே?"

வாசுகி கைபேசியை எடுத்து, ஆறுதல் எழுதியவர்களுக்குப் பதில் எழுதத் தொடங்கினாள். நறுமுகையே இறங்கி வந்தாள். "சரி, அழிக்க வேணாம். வெளியாளுங்க பார்க்காதபடி மறைச்சு வை. நீ மட்டும் பாரு."

"நாலு பேர் பார்த்து அவன் பேரைச் சொல்றதாலதான் அவன் இருக்கான். பூட்டி வெச்சா அவன் இன்னொரு தடவை செத்த மாதிரி."

"நான் தினமும் சாகறேனே, அது உனக்குப் பரவாயில்லையா?"

"உனக்குப் போறது மானம். எனக்குப் போனது பிள்ளை. ரெண்டையும் ஒண்ணா வைக்காத" என்று சொல்லிவிட்டு வாசுகி சமையற்கட்டுக்குள் போய்விட்டாள்.

இத்தனைக்கும் தங்கராசு அங்கேதான் செய்தித்தாளை விரித்தபடி உட்கார்ந்திருந்தார். மகளைப் பேருந்து ஏற்றிவிடும்போது மட்டும் ஒரு துண்டுச் சீட்டைக் கையில் திணித்தார். சேனல் தொடங்கிய கணக்கு அவருடையது. அதன் பாஸ்வேர்டு அதில் இருந்தது.

"அம்மாவுக்குத் தெரிய வேணாம். பிறந்தநாள் அன்னிக்கு மறைச்சு மட்டும் வெச்சுடு. எதையும் அழிச்சுடாத கண்ணு."

"அழிக்க மாட்டேன்ப்பா" என்றாள். மனமாரத்தான் சொன்னாள்.

பிறந்தநாள் காலையில் அம்மா மனம் மாறியிருப்பாள் என்ற நப்பாசையோடு சேனலைத் திறந்தாள். புது வீடியோ ஒன்று ஏறியிருந்தது: 'என் தங்கத்துக்குப் பதினெட்டு'. நடுவில் அந்த மணை, அந்த அழுகை. மதியம் ஆசிரியர் வருவதற்கு முன் யாரோ அதை வகுப்பறைத் திரையில் ஓடவிட்டார்கள். அறுபது பேர் ஒரே குரலில் "எடுக்காதீங்கப்பா" என்றார்கள்.

விடுதிக்கு ஓடிவந்து கதவைத் தாழிட்டாள். கணக்கைத் திறந்தாள். மறைக்கவும் வழி இருந்தது, அழிக்கவும் வழி இருந்தது. தம்பி தன் கண்ணைத் துடைப்பதை ஒரு முறை பார்த்தாள். பிறகு சேனலையே அழித்தாள். ஒன்றுக்குக்கூட நகல் எடுத்து வைக்கவில்லை.

மாலையில் வாசுகி அழைத்தாள். "என் பிள்ளையைக் கொன்னுட்டியேடி பாவி!"

"எந்தப் பிள்ளையைச் சொல்ற?" என்று கேட்டு நறுமுகை இணைப்பைத் துண்டித்தாள்.

திருச்சியில் கணினி தெரிந்த ஒருவரிடம் தங்கராசு ஓடினார். போனது போனதுதான் என்று அவர் கைவிரித்துவிட்டார். வாசுகி மகளின் துணிமணிகளை மூட்டை கட்டி விடுதிக்கு அனுப்பிவிட்டாள். பாஸ்வேர்டு போன வழி தெரிந்ததும் கணவனோடும் பேச்சை நிறுத்தினாள். தட்டில் சோறு விழும், சொல் விழாது. பொங்கலுக்கு நறுமுகை வரவில்லை, வரச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

அம்மன் மேல் செய்த சத்தியத்தை மீறினாள் தாய். அழிக்க மாட்டேன் என்று சொல்லி அழித்தாள் மகள். மனைவிக்குத் தெரியாமல் பாஸ்வேர்டைக் கொடுத்தார் தந்தை. இளவேலின் நடையும் பேச்சும் சிரிப்பும் அந்தக் குடும்பத்துக்கே இல்லாமல் போனதற்கு இவர்களில் யார் முதற்பொறுப்பு? சொல்லுங்கள்.

விடை: தங்கராசு. வாசுகி மகளுக்குச் செய்தது கொடுமை. அதை நறுமுகை மன்னிக்க வேண்டியதில்லை. நறுமுகை தன் முகத்தோடு தம்பியின் முகத்தையும் அழித்தாள். அந்தப் பாரத்தை அவள்தான் சுமக்க வேண்டும். ஆனால் ஒருத்தி துக்கத்திலும் மற்றவள் அவமானத்திலும் கண்மூடிப் போயிருந்தார்கள். இரண்டும் தெரிந்தவர் அவர் ஒருவரே. பாஸ்வேர்டு தொடக்கத்திலிருந்தே அவரிடமும் இருந்தது. மகன் இறந்த பிறகு ஒரே பிற்பகலில் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துவிட்டு, மனைவியிடம் சொல்லியே சேனலை மூடியிருக்கலாம். அவள் கோபத்துக்கு அஞ்சி, தான் செய்ய வேண்டியதைக் காயம்பட்ட பெண்ணின் கையில் தள்ளிவிட்டார். இருவரில் ஒருவரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று இருந்தவருக்கு இன்று இருவரும் இல்லை.