ஆண்கிளிக்குக் கழுத்துப் பட்டை வந்த கதை

அந்தக் காலத்தில் கிளிகளுக்கு உடம்பு முழுக்கப் பச்சைதான். ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். எல்லா உயிரும் பேசிய காலம் அது. அதிலும் கிளிக்கூட்டத்தின் வாயைக் கேட்கவே வேண்டாம், விடிந்தது முதல் அடையும் வரை ஊர்வம்புதான். ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள். பெண்கிளிகளின் மார்பில் வரும் கட்டியைப் பற்றி.

இறகுக்கு அடியில் அது கடுகளவாகத் தொடங்கும். அப்போதே மருத்துவச்சி மரங்கொத்தியிடம் போனால் ஒரே கொத்தில் எடுத்துப் போட்டுவிடுவாள். ஆனால் கட்டி வந்தவள் பொந்தைக் காலி செய்துவிட்டு ஆற்றோரத்துப் பட்டமரத்துக்குப் போய்விட வேண்டும் என்று ஆண்கள் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். கூட இருந்தால் ஒட்டிக்கொள்ளுமாம். எந்த மடையன் சொன்னானோ. பிறகு எவள் வாயைத் திறப்பாள்?

பச்சையாண்டி என்ற கிளியும் அந்தக் கட்டுப்பாட்டுக்குத் தலையாட்டியவன்தான். தங்கை அஞ்சுகம் பெரிய கட்டியோடு பட்டமரத்துக்குப் போனபோது வழிவிட்டு ஒதுங்கி நின்றான். அவள் அங்கேயே செத்துப்போனாள். "கடுகா இருந்தப்பவே சொல்லியிருந்தா பிழைச்சிருப்பாளே, பாவி மக" என்று மரங்கொத்தி அழுதாள். அதைக் கேட்டவன் இரண்டு நாள் இரை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள், அவன் மனைவி பவழக்கொடி ஒரு சிறகை மார்போடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புள்ள, வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல. உங்க வேலையப் பாருங்க."

கூடப்பிறந்தவளையே கைவிட்டவனிடம் அவள் எதை நம்பிச் சொல்வாள்? வாயால் கேட்டுப் பயனில்லை என்று அவனுக்கு உறைத்தது.

இலவமரம் பூத்திருந்தது. அஞ்சுகத்துக்குப் பிடித்த பூ. ஓர் இதழை நீளவாக்கில் கிழித்துக் கழுத்தில் சுற்றினான், நழுவி விழுந்தது. அலகால் முடிச்சுப் போட வருமா? வேலம்பிசினை வைத்து ஒட்டிப் பார்த்தான், அதுவும் நிற்கவில்லை. எரிந்த கட்டையில் கரியைச் சுரண்டிப் பிசினோடு குழைத்து ஓரத்தில் தடவினான். பிடித்துக்கொண்டது. சிவந்த இதழ் வெயிலில் காய்ந்து ரோஜா நிறமானது. அதோடு போய்க் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்தான்.

"என்னடா, மறுபடியும் மாப்பிள்ளை ஆகப்போறியா?" என்று சின்னமணி என்ற கிளி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"என் தங்கச்சிய நான்தான் சாகவிட்டேன்" என்றான் பச்சையாண்டி. "இனிமே எவளுக்குக் கட்டி வந்தாலும் என்கிட்டச் சொல்லலாம். மருத்துவச்சிகிட்ட நானே கூட்டிப்போவேன், ஆறுற வரைக்கும் கூடவே இருப்பேன். அதுக்கு அடையாளம்தான் இது."

"அப்ப நீயும் பட்டமரத்துக்குப் போ" என்றான் சின்னமணி.

"போறேன்" என்று சொல்லிப் போயும்விட்டான்.

அன்று முழுக்க அந்தப் பக்கம் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. மறுநாள் காலை பவழக்கொடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மெல்லச் சிறகைத் தூக்கிக் காட்டினாள். கடுகளவுதான் இருந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

மரங்கொத்தி ஒரே கொத்தில் வேலையை முடித்தாள். பத்தாம் நாள் பவழக்கொடி கொய்யாத்தோப்பில் பழம் கொத்திக்கொண்டிருந்தாள். கூடவே கிடந்தவனுக்கு எதுவும் ஒட்டவில்லை என்பதை ஊரே பார்த்தது.

அடுத்து வந்தவள் சின்னமணியின் மனைவி. அவள் பின்னாலேயே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சின்னமணியும் வந்தான். "எனக்கும் ஒண்ணு ஒட்டிவிடுப்பா" என்றான். பூக்காலம் முடிவதற்குள் எல்லா ஆண்களும் ஒட்டிக்கொண்டார்கள். அந்தப் பிசின் அப்புறம் உரியவே இல்லை.

"பொம்பளைங்களுக்கும் ஒட்டிவிடவா?" என்று பச்சையாண்டி கேட்டான்.

"எங்களுக்கு எதுக்கு?" என்றாள் பவழக்கொடி. "நாங்க உங்களுக்குப் பயந்துதானே மறைச்சோம். நீங்களே போட்டுக்குங்க."

அன்று முதல்தான் பெண்கிளியின் கழுத்து வெறுமையாக இருக்க, ஆண்கிளிக்குத் துணை தேடும் வயது வந்ததும் கருப்பு ஓரம் வைத்த ரோஜாப் பட்டை கழுத்தில் ஏறுகிறது. அதைப் பார்க்காமல் எந்தப் பெண்கிளியும் ஒருவனை நம்பிப் பொந்துக்குள் போவதில்லை.